கொக்கிப்புழுவும் விளக்கெண்ணெயும்

கீழ் இமையை விரலால் இழுத்துக் கண்ணாடியில் பார்க்கும் பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. இமைக்குள் சிவப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு விழியின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் சரியாக இருந்தால்தான் தலை வாரத் தொடங்குவேன். உடம்பு தேறி, வேலைக்கும் திரும்பிவிட்டவள் இப்படிச் செய்வது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கொக்கிப்புழு நோய் புகாத தெரு குறைவு. மருந்துக்குப் பயந்து வீட்டிலேயே வெளுத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அவர்களில் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், படித்துச் சொல்ல ஆள் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதப் போவதில்லை. நான் மிகவும் பயந்தேன்.

நான் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் பரிசோதனை அறையில் வேலை செய்கிறேன். ரத்தம், சளி, சிறுநீர், மலம் ஆகியவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்டதை டாக்டருக்குச் சொல்வது என் வேலை. மதராசில் அதற்குப் பயிற்சி பெற்றேன். "மதராஸ் வரைக்கும் போயி எதப் பாக்கப் படிச்சிட்டு வந்திருக்கா பாரு" என்று எங்கள் தெருவில் சிரிப்பார்கள். மலையில் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இறங்கி வரும் ஆட்களின் மலத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். அதில் கொக்கிப்புழுவின் முட்டை இருக்கும். மெல்லிய கண்ணாடி போன்ற ஓடு, அதற்குள் நான்காகப் பிரிந்த கரு. பார்க்க அழகான முட்டை அது.

எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது அந்த முட்டை நினைவுக்கு வரவில்லை. மலேரியாக் காய்ச்சல் வந்து போன அசதி என்று நினைத்தேன். மாதாகோவில் படிகளில் பாதியில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பவள் போலத் திரும்பிப் பார்ப்பேன். காதுக்குள் என் நாடியே தட்டிக்கொண்டிருக்கும். மாலையில் கணுக்கால் வீங்கும். ஒருநாள் டாக்டரம்மா என் அறைக்கு வந்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் திருவிதாங்கூர்க்காரர். பதற்றம் வந்தால் மலையாளம் கலந்துவிடும்.

"இதெந்தா மோளே, காகிதம் மாதிரி இருக்கு. விரலைக் காட்டு."

மையொற்றும் தாளில் என் ரத்தம் ஒரு துளி விழுந்தது. வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை பட்டைகள் அச்சிட்ட அட்டை ஒன்று உண்டு. எந்தப் பட்டையோடு துளி ஒத்துப்போகிறதோ, அதுவே ரத்தத்தின் அளவு. மற்றவர்களுக்கு நூறு முறை செய்த சோதனைதான். என் துளி அட்டையின் வெளிறிய முனைக்கு அருகில் நின்றது. டாக்டரம்மா அட்டையை மூடினார். "நாளைக்கு மலம் கொண்டு வா. நான் பார்க்கிறேன். நீ பார்க்க வேண்டாம்" என்றார். நான் பார்த்தேன். கண்ணாடிச் சில்லை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த அழகான முட்டை இருந்தது.

எங்கே பிடித்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. சின்னமனூர்ப் பக்கம் என் அண்ணன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போய் மதினியோடு சேர்ந்து வெற்றிலை கிள்ளுவேன். கொடிக்காலைக் கோவில் போல மதிப்பதால் உள்ளே யாரும் செருப்போடு நுழைவதில்லை. கிறிஸ்தவ வேதக்காரர்களான நாங்களும் அப்படித்தான். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கால் தானாகவே கழற்றிவிடும். உள்ளே அகத்தி நிழல், எப்போதும் ஈரமான மண். ஓரங்களில் வேலையாட்கள் வெளிக்கு உட்காருவார்கள். மழைக்குப் பிறகு என் கால்விரல் இடுக்குகளில் அரிப்பு வந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசினேன். தோலைத் துளைத்துப் புழு உள்ளே போன இடம் அதுதான்.

அந்தக் குஞ்சுப்புழுவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து வந்ததும் சில நாட்கள் அது மண்ணில் தின்று வளரும். பிறகு ஓர் உறைக்குள் தன்னை மூடிக்கொள்ளும். அதன்பின் அது எதையும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. அது தீர்வதற்குள் மனிதத் தோல் கிடைக்காவிட்டால் சாகும். சூடான மண்ணில் அலைந்தால் கட்டுச்சோறு சீக்கிரம் தீரும். குளிர்ந்த நிழலில் அசையாமல் கிடந்தால் வாரக்கணக்கில் தாங்கும். கொடிக்கால் அதற்கென்றே கட்டிய சத்திரம்.

தோலுக்குள் போனதும் ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு நூல் துணுக்கு அளவுதான் இருக்கும். ஆனால் குடிப்பதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே வெளியே விட்டுவிடும். ஏன் இந்த வீணடிப்பு? குடலுக்குள் காற்று இல்லை. ரத்தத்தில் ஏறி வரும் பிராணவாயுவுக்காகவும் அது குடிக்கலாம் என்று எனக்குப் பாடம் சொன்னவர் ஒருவர் சொன்னார். நிச்சயமில்லை என்றும் சொன்னார். அது மூச்சு விடுவதற்காக எனக்கு மூச்சு வாங்குகிறது என்று, கட்டிலில் படுத்தபிறகு நினைத்தேன். அதன்பின் வயிற்றில் கை வைத்துப் படுக்க முடியவில்லை.

மருந்து கொடுக்க என்னைச் சேர்த்த பெண்கள் வார்டில் பக்கத்துக் கட்டில் ஜெயமங்கலத்துப் பேச்சியம்மாளுடையது. அவர் எனக்கு முன்பே மருந்து சாப்பிட்டவர்.

"பயமா இருக்காத்தா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"எனக்குக் குடுத்தப்ப செத்துப்போன எங்க மாமியா முன்னால வந்து நின்னா. உசுரோட இருந்தப்பவே அவளுக்குப் பயப்படாதவ நான். போடின்னுட்டேன். ஒருநா பூரா வாய்க்கா மடையாட்டம் கெடக்கணும், அம்புட்டுத்தான்."

அவர் சொன்னது பேதியை. எனக்குப் பயம் மருந்திடம். அதன் பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. குளோரோபாரம் போல இனிப்பாக மணக்கும் திரவம். மெல்லிய கூட்டில் அடைத்து விழுங்கத் தருவார்கள். அது புழுவைக் கொல்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பல புழுக்களை மயக்குவதோடு சரி. மயக்கத்தில் பிடி தளரும். அது தெளிவதற்குள் கசக்கும் பேதி உப்பைக் குடித்து அடித்து வெளியேற்றிவிட வேண்டும். தாமதித்தால் மறுபடி கவ்விக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. மருந்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வயிற்றில் கொழுப்பு இருந்தால் மருந்து அதோடு சேர்ந்து ரத்தத்துக்குள் போய்விடும். குடலில் நின்று புழுவைத் தாக்க வேண்டியது நம் கல்லீரலைத் தாக்கும். கல்லீரல் கெட்டு மஞ்சள் கண்டு இறந்தவர்கள் உண்டு என்று நான் படித்திருந்தேன்.

அதனால் எனக்குத் துணையிருக்க வந்த மதினியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நெய் கூடாது, பால் கூடாது, தயிர் கூடாது, கறி கூடாது, தேங்காய் கூடாது. முதல் நாள் மாலை கஞ்சித்தண்ணீர் மட்டும். மதினி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார்.

"ரத்தமில்லாதவளப் பட்டினி வேற போடுறாகளே" என்றார். பிறகு நர்ஸ் பேதி உப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏ ஞானம், நம்ம காளைக்கு வயிறு உப்புனப்ப மாட்டு டாக்டரு கரைச்சு ஊத்துனாகளே, அந்த உப்பில்ல இது?" என்றார்.

"அதேதான் மதினி. காளைக்குக் கூட, எனக்குக் கொஞ்சம்."

மதினி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் கூட்டை விழுங்கினேன். சிறிது நேரத்தில் வயிற்றில் எரிச்சல். பிறகு ஏப்பத்தில் அந்த இனிப்பு மணம். கூரையின் மரச்சட்டங்கள் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தன. நாக்கு தடித்தது. உப்புக் கரைசல் நிறைந்த தம்ளரை நர்ஸ் மேசையில் வைத்து, அடுத்த மணி அடித்ததும் குடிக்கக் கொடுக்கும்படி மதினியிடம் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனது கேட்டது. கண்ணை மூடினேன்.

ஒரு கை என் பிடரியைத் தூக்கியது. தம்ளர் உதட்டில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விழுங்கினேன். இன்னொரு வாய் விழுங்கியபோது தொண்டையில் அது போகவில்லை, வழுக்கியது. உப்புத் தண்ணீர் அப்படி வழுக்காது. கண்ணைத் திறந்தேன்.

"என்ன மதினி ஊத்துனீக?"

"குடி ஆத்தா. நம்ம வீட்டு வெளக்கெண்ணெ. நானே இடிச்சுக் காச்சுனது, கடைச்சரக்கு இல்ல."

"உப்புத்தண்ணி எங்க?"

"அங்கன சாக்கடையில ஊத்திட்டேன். மாட்டு உப்பு, இருக்குற கொஞ்ச ரத்தத்தையும் முறிச்சுப்போடும். இதுன்னா கொடலு நோகாமக் கொண்டுபோகும். மிச்சத்தயும் குடிச்சிரு."

எனக்குள் மூன்று காரியங்கள் வரிசையாக வந்து நின்றன. எண்ணெய் வயிற்றுக்குள் போய்விட்டது. மருந்து அதில் கரையத் தொடங்கியிருக்கும். உப்பு இல்லை. நான்காவது காரியம் நான் சாகலாம் என்பது. அதை வரிசையில் சேர்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"டாக்டரம்மாவக் கூட்டியாங்க. ஓடுங்க."

"எண்ணெ குடுத்ததுக்கா? வைவாகளே..."

"மதினி, அது என்னைக் கொன்னுரும்."

அவர் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. பேச்சியம்மாள்தான் எழுந்து வராந்தாவுக்கு ஓடி, "ஏலே, யாராச்சும் அந்த அம்மாவக் கூப்புடுங்கடா" என்று சத்தம் போட்டார்.

டாக்டரம்மா வந்து தம்ளரை முகர்ந்தார். எத்தனை வாய் என்று மட்டும் கேட்டார். ரப்பர்க் குழாயும் புனலும் வந்தன. "மிண்டாதே மோளே, பேசாதே, விழுங்கு, விழுங்கு" என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டார். குழாய் தொண்டையில் இறங்கும்போது மூச்சுக்கு இடமில்லை. புனலில் தண்ணீர் ஊற்றுவதும், புனலைக் கீழே தாழ்த்தி அதை வெளியே எடுப்பதுமாக இரைப்பையைக் கழுவினார்கள். முதலில் எண்ணெய்க் கண்கள் மிதந்தன. பிறகு குறைந்தன. கடைசியில் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரை அதே குழாயில் ஊற்றிவிட்டுக் குழாயை உருவினார். எவ்வளவு எண்ணெய் அதற்குள் குடலுக்கு இறங்கியிருக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அவர் பொய் சொல்லாதவர் என்பதை அதுவரை நல்ல குணமாக நினைத்திருந்தேன்.

சேதி கேட்டு அண்ணன் வந்தபோது பேதி நின்று நான் கிழிந்த துணி போலக் கிடந்தேன். அவர் வார்டு வாசலில் மதினியிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"படிச்சவ அத்தன தடவ சொன்னாள்ல? ஒனக்கு அம்புட்டுத் திமிரு. வீட்டுக்குப் போ, இங்கன நிக்காத."

"நெய்யி ஆகாதுன்னா, கறி ஆகாதுன்னா, பாலு தேங்கா ஆகாதுன்னா. அதெல்லாம் சாப்பாடு. வெளக்கெண்ணெ சாப்பாடா? அது மருந்தில்ல?"

  நான் சொல்லிக் கொடுத்ததில் விளக்கெண்ணெய் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் சாகக் கிடக்கும் கிழவனுக்கும் கொடுக்கும் ஒன்றை யாரும் கொழுப்பு என்று எண்ணுவதில்லை. மதினி வீட்டுக்குப் போகவில்லை. வார்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவும் மாட்டேன் என்றார்.

பிறகு காத்திருக்கும் நாட்கள். கல்லீரலில் விஷம் ஏறியிருந்தால் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் மஞ்சள் காணும். வலது விலாவுக்குக் கீழே டாக்டரம்மா அழுத்தும்போது வலித்தது. அது குழாய் போட்ட வலியா, வேறா என்று அவருக்கும் தெரியவில்லை. சுண்ணாம்புச் சத்து மருந்தும், தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ் சர்க்கரையும் ஓயாமல் கொடுத்தார்கள். கல்லீரல் சர்க்கரையை ஒரு வகை மாவாக்கிச் சேர்த்து வைக்கும். அந்தச் சேமிப்பு நிறைந்திருந்தால் விஷத்தைத் தாங்கும்.

இங்கே என் படிப்பு எனக்கு எதிரியாயிற்று. புழுவின் உடம்பிலும் அதே மாவுதான் சேமிப்பு. காற்று இல்லாத இடத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. மயக்கம் தெளிந்து மறுபடி கவ்விக்கொண்டவை உள்ளே எத்தனையோ. நான் குடிக்கும் ஒவ்வொரு தம்ளரும் அவற்றுக்கும் போகாதா? தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்தான் போகும்" என்றார். "ஆத்யம் நீ ஜீவிக்கணும். புழுவை அப்புறம் பார்க்கலாம். குடி."

பொழுது சாய்ந்தால் பயம் கூடும். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் எல்லோர் கண்ணும் மஞ்சள். பேச்சியம்மாளின் கண்ணும் மஞ்சள், சுவரும் மஞ்சள், என் உள்ளங்கையும் மஞ்சள். அதனால் இருட்டியபிறகு கண்ணாடி பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். விடிந்ததும் ஜன்னலருகே போய், பகல் வெளிச்சத்தில் பேச்சியம்மாளிடம் கண்ணைக் காட்டுவேன்.

"வெள்ளையாத்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன், இதுக்கு மேல பாக்க? வெள்ளைன்னா வெள்ளை."

அவர் கண்ணை மட்டும் நம்ப முடியாமல், என் சிறுநீரை நானே சோதித்தேன். சோதனைக் குழாயில் நைட்ரிக் அமிலத்தை விட்டு, அதன்மேல் கலங்காமல் சிறுநீரை வழியவிட வேண்டும். பித்தம் கலந்திருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பச்சை வளையம் தோன்றும். ஒரு காலையில் அந்த வளையம் தோன்றியது. புல்லின் நுனியளவு மெல்லிய பச்சை. கலங்கிவிட்டதோ என்று மறுபடி செய்தேன். மறுபடியும் பச்சை. குழாயைக் கழுவி வைத்தேன், மேசையைத் துடைத்தேன், வேறு செய்ய ஒன்றும் இல்லாதபோது உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் என் கண்ணில் எலுமிச்சைத் தோல் நிறம் லேசாக ஏறியிருந்தது. பேச்சியம்மாள் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார்.

அண்ணன் குருவானவரை அழைத்து வந்தார். சாகக் கிடப்பவர்களுக்கு என்று அவர் நெற்றியில் பூசிய எண்ணெயையும் நான் முகர்ந்து பார்த்தேன். அப்படியாகிவிட்டது என் நிலை.

அவர் போனபிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே மதினி வந்து நின்றார்.

"ஞானம். நான் ஒன்னயக் கொன்னுட்டேனா?"

  "தெரியல மதினி. உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மரத்தடிக்கே போனார். ஆனால் அதன்பின் குளுக்கோஸ் தம்ளரை யாராவது எனக்கு எடுத்து வரும்போதெல்லாம், அவர் ஜன்னலுக்கு வந்து நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

பச்சை வளையம் அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் அகலமாகவில்லை. பிறகு மங்கியது. ஒரு காலையில் குழாயை வெள்ளைத் தாளின் முன் பிடித்து எவ்வளவு நேரம் பார்த்தும் தெளிந்த கோடுதான் இருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார், என் தலையில் கை வைத்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிழைத்தேன் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் பிழைத்தது நான் மட்டுமல்ல. கொஞ்சம் தேறியதும் என் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முட்டைகள் முன்னைவிடக் குறைவு, ஆனால் இருந்தன. மருந்துக்கும் எண்ணெய்க்கும் பேதிக்கும் தப்பிய சில, உள்ளே பழையபடி குடித்துக்கொண்டிருந்தன. விட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கல்லீரல் ஆறும்வரை பொறுத்து, மறுபடி அதே மருந்தைச் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. முதல்முறை படித்ததை வைத்துப் பயந்தேன். இம்முறை எனக்கே நேர்ந்ததை வைத்துப் பயந்தேன். அது இரண்டு மடங்கு பயம். இரும்புச் சத்து மருந்தும் முருங்கைக்கீரையுமாக வாரங்கள் போயின. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். மாதாகோவில் படியில் மறுபடி மூச்சு வாங்கி நின்றபோது தேடுவதை விட்டேன்.

இரண்டாம் முறை மருந்துக்குக் குறித்த காலையில் கூட்டை விழுங்கிப் படுத்தேன். மரச்சட்டங்கள் சாயத் தொடங்கின. உப்புத் தம்ளரோடு நர்ஸ் வந்தார். மதினி வாசற்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது.

"அவங்க கொடுக்கட்டும்" என்று நர்ஸிடம் சொன்னேன்.

"வேணாம் ஆத்தா" என்றார் மதினி. "என் கையி ஆகாது."

"மதினி, எனக்கு மயக்கமா வருது. தலையப் பிடிக்க ஆள் வேணும். வாங்க."

வந்தார். பிடரிக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். தம்ளரின் விளிம்பு என் பல்லில் தடதடவென்று தட்டியது. கண்ணை மூடாமல் குடித்தேன். முதல் வாயிலேயே உடம்பு குலுங்கியது.

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதா?"

"குமட்டுற மாதிரிக் கசக்குது மதினி."

"அப்பச் சரி" என்று சொல்லி, மிச்சத்தையும் குடிக்க வைத்தார்.